நடுக்கம் தீர்க்கும் சிகிச்சையும் நாம் செய்யவேண்டிய காவலும்

கிண்ணியாத் துறையைப் ‘பாதை’யிலே கடந்து கல்லூரிக்கு வந்த பழைய மாணவர் சிலரேனும் இம்மலரைப் படிப்பர். 2009ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்பட்டதும் அத்தொல்லை நீங்கிற்று. பாலம் நிலைப்பது நடுவிலுள்ள தூண்களால் மட்டுமன்று; இரு கரைகளிலும் இட்ட அடித்தளத்தாலுமாகும். சத்திர சிகிச்சையும் அத்தகையதே என்பது எனது கருத்து.

எங்கள் அயலிலே முதியவர் ஒருவர் உளர். ஒரு காலத்தில் தோணி வலித்த அவர் கைகள், பார்க்கின்சன் நோயினால் இன்று தேநீர்க் கோப்பையையும் ஏந்தமாட்டா. மூளையினுள்ளே மின்வாய் பொருத்தி நடுக்கத்தை அடக்கலாம் எனக் கேள்வியுற்ற அவர் மகன், “காணியை விற்றாவது வாப்பாவுக்குச் செய்விக்கலாமா, ஐயா?” என்று என்னை வினவினான்.

சிகிச்சை மெய்யானதே. 1987இல் பிரான்சின் கிறெனோபிள் நகரிலே வைத்தியர் பெனாபிட் இதன் இன்றைய முறைக்கு வழி திறந்தார். அதற்கு முன்னரே, 1975இல், சென்னையிலே வைத்தியர் கனகா அம்மையார் மூளையில் நிலையான மின்வாய் பொருத்தினார். சம்பந்தர் அவதரித்த சீகாழியிலே பிறந்த வைத்தியர் இராமமூர்த்தி 1950இல் சென்னை அரசினர் வைத்தியசாலையில் தொடங்கிய நரம்புச் சத்திரப் பிரிவின் வழிவந்தவர் அவ்வம்மையார்.

எனினும் ஆபத்தும் உண்டு. மின்வாய் சென்றடையவேண்டிய இடம் சில மில்லிமீற்றர் அளவினதே. செல்லும் வழியிலே குருதிக்குழாய் கிழிந்தால் மூளையிற் குருதி கசியும். நூற்றில் ஓரிருவருக்கு இது நேர்வதுண்டு. காந்தப் பரிவுப் படத்தில் குழாய்களை விலக்கி வழி வகுத்தலும், குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்தலும், வழிகளின் தொகையைக் குறைத்தலும் அதனைத் தணிக்கும். கீறுமுன் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தலும், தோலைச் செவ்வனே மூடுதலும் தொற்றைக் குறைக்கும். மின்கலம் மாற்றுந்தோறும் புதுக்காயம் உண்டாதலின், மீள மின்னேற்றக்கூடிய கலம் அச்சந்தர்ப்பங்களைக் குறைக்கும்.

இவையெல்லாம் சத்திர வைத்தியரின் கடன். ஏனைய இரு கரைகளும் நம்முடையவை. முற்கரையிலே, தக்க நோயாளரைத் தெரிதல் வேண்டும். லெவடோப்பா மருந்துக்கு நன்கு இணங்குபவரே பெரிதும் பயன்பெறுவர். அறிவு மங்கியவருக்கு இது தீங்காகவும் முடியலாம். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் அதனை மறையாது உரைத்தல் வேண்டும்.

பிற்கரையிலோ, காயம் சிவந்தாலும் நீர் கசிந்தாலும் எண்ணெய் பூசிக் காத்திராது அன்றே வைத்தியரை நாடல் வேண்டும். தாமதித்தால் கருவி முழுவதையுமே அகற்ற நேரலாம். டயதேமி எனும் வெப்பச் சிகிச்சை இவர்களுக்கு ஒருபோதும் ஆகாது. மின்வாய் சூடேறி மூளையைச் சுட்டுவிடும். எனவே கருவி பொருத்தியவர் அதன் விவர அட்டையை எந்நேரமும் தம்முடன் வைத்திருத்தல் வேண்டும்.

இச்செய்திகளை அறிந்த தாதியர் ஒருவரேனும் ஒவ்வோர் ஊர் வைத்தியசாலையிலும் இருப்பாராயின், தொலைநகரிலே செய்த நுண்பணி நம்மூரில் வீணாகாது. வைத்தியத் துறையிலே சிறந்து விளங்கும் நம் பழைய மாணவர் இப்பயிற்சியை அளிக்க முன்வருவாராயின், அதனினும் சிறந்த விழாக்காணிக்கை யாது?

அம்மகனுக்கு நான் கூறியதும் இதுவே: “தம்பி, காணியை விற்குமுன், வாப்பா இதற்குத் தக்கவரா என நரம்பியல் வைத்தியரைக் கேள், வீடு திரும்பியபின் அவரைக் கவனிப்பவர் யார் எனவும் கேள். இவ்விரண்டுக்கும் விடை கிடைத்த பின்னரே விலை பேசு.”