அரை கிலோ விசையும் அரசின் கடமையும்

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை. மனு பாக்கரின் வெற்றியையும், மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலேயின் வெற்றியையும் கண்டு, நவி மும்பை ஐரோலியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி அந்த விளையாட்டில் இறங்க விரும்புகிறாள் என வைத்துக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலுள்ள 0.177 அங்குலக் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பெற்றோர் கடன்பட்டேனும் வாங்கித் தந்துவிடுவர். அதன் விசையைச் சீரமைத்துத் தரப் போகிறவர் யார் என்பதுதான் கேள்வி.

இது அற்பமான கேள்வி அல்ல. 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கில் 10 புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. விசையை இழுக்கும் விரல் சற்றே அதிகம் அழுத்தினால் குழல் அசையும், குறி தவறும். அதற்காக விசையை விருப்பம்போல் இலகுவாக்கிவிடவும் முடியாது. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 25 மீட்டர் பிரிவில் அது 1,000 கிராம். குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். போட்டி முடிந்தபின் நடக்கும் சோதனையில் தவறினாலும் தகுதிநீக்கம்தான்.

விசையின் முதல்நிலை இழுவை, சுடும் தருணத்தின் எடை, சுட்டபின் விசை நகரும் தூரம் ஆகியவற்றைச் சிறு திருகுகள் தீர்மானிக்கின்றன. ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று மாறும். அளவுக்கு மீறித் தளர்த்தினால், சிறு அதிர்விலேயே துப்பாக்கி வெடிக்கும் ஆபத்தும் உண்டு. அனுபவமற்ற கை செய்யக்கூடிய வேலை அல்ல இது.

கருவி கைவிட்டால் என்ன நேரும் என்பதை நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் கைத்துப்பாக்கி பழுதானது. 75 நிமிடங்களில் 60 முறை சுட வேண்டிய போட்டியில், விலைமதிப்பற்ற நிமிடங்கள் பழுதுநீக்கத்தில் கரைந்தன. 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தைப் பெற்ற அவர், இரண்டே புள்ளிகளில் இறுதிச் சுற்று வாய்ப்பை இழந்தார்.

இதில் சட்டத்தின் பார்வை எப்படி இருக்கிறது? 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, ஒருவர் எத்தனை துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. மூன்று என்ற உச்சவரம்பு இரண்டாகக் குறைக்கப்பட்டது. விளையாட்டு வீரர்களின் நிலையை உணர்ந்த உள்துறை அமைச்சகம், 2020 பிப்ரவரியில் சர்வதேசப் பதக்கம் வென்றோர் 12 துப்பாக்கிகள் வரை வைத்திருக்க அனுமதித்தது. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆனால் 12 துப்பாக்கிகளையும் பழுதுபார்ப்பவர் யார்? சுடுகலன்களைப் பழுதுபார்ப்பதையும் தயாரிப்பு, விற்பனையோடு சேர்த்தே உரிமத்துக்கு உட்படுத்துகிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. பாதுகாப்பு கருதி இக்கட்டுப்பாடு அவசியமே. அதைத் தளர்த்தக் கோருவது பொறுப்பாகாது. எனினும், கட்டுப்பாட்டை விதிக்கும் அரசுக்கு, அதற்கு உட்பட்டுப் பணியாற்றத் தகுதியானவர்களை உருவாக்கும் கடமையும் உண்டல்லவா?

திறமைக்குப் பஞ்சமில்லை. ஐரோலி அமைந்துள்ள தாணே - பேலாப்பூர் தொழிற்பகுதியில் மட்டும் நுண்கருவிகளைக் கையாளப் பழகிய பிட்டர்கள் எத்தனை பேர்! தொழிற்பயிற்சி நிலையங்களில் தேறியவர்களில் தக்கவர்களைத் தேர்ந்தெடுத்து, காவல்துறைச் சரிபார்ப்புக்குப் பின் விளையாட்டுத் துப்பாக்கி பராமரிப்பில் சிறப்புப் பயிற்சி அளிக்கலாம். அரசு நிதி பெறும் ஒவ்வொரு சுடுதளத்திலும் சோதனை எடைக்கருவியும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருப்பதைக் கட்டாயமாக்கலாம். பதக்கம் வென்றவர்களுக்கு அள்ளித் தரும் பரிசுத்தொகையோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு அற்பம்.

விளையாட்டு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, மகாராஷ்டிர உறுப்பினர்களும் தமிழக உறுப்பினர்களும் இதை எழுப்ப வேண்டும். பெரும் பதக்கக்காரருக்கு வெளிநாட்டிலிருந்தாவது நிபுணர் வருவார். ஐரோலிச் சிறுமிக்கு அரசை விட்டால் வேறு யார்?