இருதயத்தின் தாளமும் கொயினாவும்

"சேர், படபடப்பு வந்தால் வாப்பா அதே குளிசையில் இன்னொன்றையும் போட்டுக்கொள்கிறார். கூடப் போட்டால் கெதியில் சுகம் வரும்தானே?" கல்முனையிலே மாணவர் ஒருவர் சென்ற கிழமை எம்மிடம் இவ்வாறு வினவினார். வினா சிறிது, விடை சிறிதன்று.

நம் கடற்கரையிலே கரைவலை இழுப்பதைக் காணாதவர் யார்? முன்னவர் குரல் கொடுக்க, கயிற்றைப் பற்றியோர் யாவரும் ஒருங்கே இழுக்கின்றனர். இருதயத்திலும் அவ்வாறே. வலது மேலறையின் உச்சியில் எழும் மின்துடிப்பு மேலறைகளிற் பரவி, நடுவேயுள்ள கணுவிற் சற்றுத் தாமதித்து, கீழறைகளை அடைகின்றது. ஒருமுறை துடித்த தசை சிறிது ஓய்ந்த பின்னரே மறு குரலுக்கு இசையும். வழியிலே தழும்பொன்று குறுக்கிட்டால், மின்னலை அதனைச் சுற்றிவந்து, ஓய்வு தீர்ந்த தசையை மீண்டும் தூண்டிச் சுழலத் தொடங்கலாம். பின்னர் முன்னவர் குரல் எடுபடாது.

இதற்கு மருந்து கிடைத்த கதை சுவையானது. 1912இல் வெங்கெபாக் என்னும் இருதய நிபுணரிடம் டச்சு வணிகர் ஒருவர் வந்தார். தாறுமாறான துடிப்பைத் தம்மால் நிறுத்த முடியும் என்றார். மறுநாட் காலை சீரான நாடியுடன் வந்து நின்றார்! அவர் உட்கொண்டது மலேரியாவுக்குரிய கொயினா, ஒரு கிராம். (கொயினா தரும் சிங்கோனா மரத்துக்காகவே நம் மலைநாட்டு ஹக்கலைத் தோட்டம் 1861இல் தொடங்கப்பட்டது.) அதே மரப்பட்டையிலுள்ள குவினிடின் இதற்கு இன்னும் வலியது என்பதை 1918இல் வால்ட்டர் பிரை கண்டார்.

குவினிடின் இருதயக் கலங்களுட் சோடியம் அயன்கள் புகும் வாயில்களை அடைக்கின்றது, மின்னலை மந்தமாகின்றது. பொற்றாசியம் வெளியேறுவதையும் தடுப்பதால் ஓய்வுநேரம் நீளுகின்றது. சுழன்றுவரும் அலை ஓய்வு தீராத தசையில் மோதி அணைகின்றது.

ஆயின், அதே மந்தம் வேறோரிடத்திற் புதுச்சுழலைப் பிறப்பிக்கவும் கூடும். அலை மெல்ல நகர, முன்னுள்ள தசை ஓய்வு தீர்ந்து காத்திருக்கும் அல்லவா? மாரடைப்பிற் பிழைத்தோரின் பிசகுதுடிப்புகளை அடக்கிய இரு மருந்துகளை அமெரிக்காவிலே சோதித்தனர். 1991இல் வெளியான கணக்கின்படி, மருந்துண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர்; வெறுங்குளிசை உண்ட 743 பேரில் 26 பேரே இறந்தனர். துடிப்பு அடங்கியது, உயிரோ கூடுதலாகப் போயிற்று.

வைத்தியர் மின்பதிவின் கோடுகள் அகன்றனவா, நீண்டனவா என்று நோக்கியே அளவைக் கூட்டுவார், குறைப்பார். வாப்பா அறிவதோ படபடப்பு ஒன்றையே. இதைக் கேட்ட மாணவர் நெடுநேரம் பேசவில்லை. வருகின்ற வியாழக்கிழமை கிளினிக்குக்குத் தாமும் உடன்செல்வதாகவும், எஞ்சிய குளிசைகளை எண்ணி எடுத்துச் செல்வதாகவும் சொல்லிப் போனார்.