சோயா மாநிலத்தின் முதுகெலும்பு யாருடையது?

சோயா எண்டால் எங்களுக்கு ஞாபகம் வாறது சோயாமீற் பக்கெற்தான். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் அது ஒரு மாநிலத்தின்ர பெருமை. ‘சோயா மாநிலம்’ என்று பட்டமே இருக்கு. இந்தியச் சோயாவில் பெரும்பங்கு அங்கேயும் பக்கத்து மகாராஷ்டிராவிலும்தான் விளைகிறது. மாநில விவசாயத்தின் முதுகெலும்பு இதுதான் என்கிறார்கள். மறுக்கேல்லை. ஆனால் பாரம் முழுக்க அந்த முதுகில்தானே ஏறுது?

2024 இல் சோயாவுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபா. அறுவடைக்கு முன்னமே சந்தை விலை அதுக்குக் கீழே விழுந்திட்டுது. விவசாயிகள் 6,000 கேட்டு டிராக்டர்களோடு ரோட்டுக்கு இறங்கினார்கள். பிறகுதான் ஆதரவு விலையில் கொள்வனவு செய்ய மத்திய அரசு அனுமதி கொடுத்தது. வாங்க ஆளில்லாத ஆதரவு விலை வெறும் கடதாசி.

இத்தனைக்கும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு இந்தியா. எண்ணெய்க்குத் தட்டுப்பாடு, எண்ணெய்வித்துக்கு விலையில்லை! இதில் மர்மம் ஒண்டும் இல்லை. சோயாவில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி புண்ணாக்கு, கோழித் தீவனத்துக்குப் போறது. எண்ணெய் வெளியிலிருந்து வரும் பாமாயிலோடு போட்டி போடவேணும். புண்ணாக்கு பிரேசிலோடும் ஆர்ஜென்டினாவோடும். இறக்குமதி வரியைக் குறைத்தால் பட்டணத்தில் எண்ணெய் மலியும். அந்த மலிவுக்குக் காசு கட்டுறது சோயா விதைச்சவன்.

‘அப்ப வேற பயிர் செய்யலாமே’ என்பவர்கள் மால்வாப் பக்கத்துக் கரிசல் மண்ணைப் பற்றி யோசிக்கிறதில்லை. சோயா வருமுன் அங்கே நிறைய நிலம் மழைக்காலத்தில் தரிசாகவே கிடந்தது. சோயா நூறு நாளளவில் முடியும், பின்னால கோதுமை போடலாம். இந்த வசதியை விட்டுட்டு எங்க போறது?

2017 இல் மாநில அரசு ‘பாவாந்தர்’ திட்டம் கொண்டுவந்தது: சந்தை விலைக்கும் ஆதரவு விலைக்கும் இடைப்பட்ட தொகையை அரசே கொடுக்கும். திட்டம் ஓடின நாட்களில் வியாபாரிகள் விலையை இன்னும் இறக்கினார்கள் என்று விவசாயிகள் கொதித்தார்கள். 2025 இல் அதே திட்டத்தைச் சோயாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அறுவடைக்கு முன்னமே கொள்வனவு நிலையங்களைத் திறந்து, சொன்ன விலைக்கு வாங்கிறதுக்கு மட்டும் ஏனோ மனமில்லை.