ஆறு எல்லையாகுமா?

தமிழகத்தின் வடவெல்லையைச் சொல்ல வந்த தொல்காப்பியப் பாயிரம் எந்த ஆற்றையும் சொல்லவில்லை. வேங்கட மலையைச் சொல்லிற்று. மலை நின்ற இடத்தில் நிற்கும். ஆறோ தடம் மாறும். பஃறுளியாற்றைக் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரத்தில் படித்த இனத்திற்கு இதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஆற்றைக் கோடாக வைத்தால் வழக்குத் தீரும் என நம்புவார் இன்றும் உளர்.

உத்தரப்பிரதேசத்துக்கும் பீகாருக்கும் இடையே கங்கை, காக்ரா ஆறுகளின் ஆழ்நீரோட்டமே எல்லையாய் இருந்தது. வெள்ளம் வடியுந்தோறும் ஆறு புதுத்தடம் பற்றும். ஓர் உழவனின் நிலம் ஒரே மழையில் அடுத்த மாநிலத்துக் கரையிற் போய்க் கிடக்கும். வரி எவர்க்கு? அறுவடை எவர்க்கு? வழக்கு எந்த மன்றில்? இந்தத் தொல்லை பொறாமல் 1968இல் சட்டம் இயற்றி, நிலையான கோடொன்றை வகுத்தனர். யமுனைக் கரையில் அரியானாவுக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் 1979இல் அவ்வாறே செய்தனர். அங்கே நட்ட எல்லைத் தூண்களையும் வெள்ளம் அடித்துச் சென்றது. சண்டை மீண்டும் தலைதூக்கியது. கோடு வகுத்தால் மட்டும் போதாது, அதனைக் காக்கவும் வேண்டும்.

அமெரிக்காவும் மெக்சிக்கோவும் 1848இல் இரியோ கிராண்டே ஆற்றை எல்லையாகக் கொண்டன. 1864 வெள்ளத்தில் ஆறு தெற்கே பெரிதும் நகர்ந்தது. சாமிசால் என்னும் அச்சிறு நிலத்துக்காக ஏறத்தாழ நூறாண்டு வழக்காடி, 1963இல் உடன்பட்டனர். பின்பு கற்காரை வாய்க்கால் கட்டி ஆற்றையே எல்லைக்கு இழுத்து வந்தனர். அதற்காக வீடிழந்து பெயர்ந்தோர் ஐயாயிரவருக்கும் மேல்!

இனித் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம். ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பின், 1957இல் படாசுகர் தீர்ப்பு வந்தது. 1959இல் சட்டமாகி, 1960 ஏப்பிரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி நமக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. அவ்விழப்பை மறத்தல் அரிது. அங்கே விடப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி உண்டா என்று கேட்கும் கடமையும் நமக்குண்டு. எனினும், தீர்ப்பின் அளவுகோல் பிழையன்று: ஊரே அலகு, மொழியே சான்று, நிலத்தொடர்ச்சி வேண்டும் என்றார் படாசுகர். சுருட்டப்பள்ளியைக் கடந்து ஊத்துக்கோட்டைக்கு வரும் ஆரணியாறு எல்லையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. அதனையே எல்லையாக்கியிருந்தால், ஒரே மொழி பேசும் இருகரை ஊர்கள் இரண்டு அரசுகளின்கீழ்ப் பிரிந்திருக்கும். ஆறு கரையுடைக்கும் ஒவ்வோர் ஐப்பசியிலும் கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அளவுச் சங்கிலியோடு அலைய நேர்ந்திருக்கும்.

ஆனால் ஓரிடத்தில் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அது பழவேற்காட்டு ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி நம்மிடம். ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் மண்ணால் ஏரி தூர்கிறது. கழிமுகம் மணல்மேட்டால் அடைபடுகிறது, இடம் மாறுகிறது. நீரும் மீனும் இடம்பெயரப் படகும் பின்செல்கிறது. நீரின்மேல் ஊர்க்கல் நட முடியுமா? இருமாநில மீனவரும் பன்முறை மோதிக்கொண்டதற்கு வேர் இதுவே. வலையை இழந்தவனிடம் நிலப்படத்தைக் காட்டி என்ன பயன்?

இரு அரசுகளின் நில அளவைத் துறைகளும் ஒருங்கே ஏரியை அளந்து, இரு கரைகளிலும் நிலையான கற்களை நட்டு, அவற்றை இணைக்கும் நேர்க்கோட்டையே எல்லையாக அறிவித்தல் வேண்டும். மழைக்காலம் முடியுந்தோறும் கற்களைக் கூட்டாகப் பார்வையிடல் வேண்டும். அக்கோட்டைக் கடந்து மீன்பிடிக்கும் உரிமை தனியே பேசப்பட வேண்டியது. அதற்கு அலுவலர் தில்லிக்கு ஓட வேண்டா. பழவேற்காட்டுப் பட்டினவர் முறைவைத்து மீன்பிடிக்கும் 'பாடு' என்னும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருகின்றனர். இன்ன இடம், இன்ன நாள், இன்னார் வலை என்று தம்முள் வகுத்துக்கொள்ளத் தெரிந்த அவர்களையும் ஆந்திரக் கரை மீனவரையும் ஒரே பாயில் அமர்த்திப் பேச வைப்பதே முதல் வேலை.