மீட்டரைப் பார்த்து வண்டி வாங்கும் அறிவாளிகள்

பழைய குட்டி யானை வாங்கப் போகிறவர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது எதை? இன்ஜினையா? சேஸிஸையா? ம்ஹூம், மீட்டரை! அதில் இரண்டு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று இருந்தால் முகம் சுருங்கிவிடும். "இது காயலான் கடைக்குப் போற வண்டி மாப்ளே" என்று கூட வந்த மாமா தீர்ப்பு சொல்லிவிடுவார். (மாமா டி.வி.எஸ். 50க்கு மேல் எதையும் ஓட்டியதில்லை என்பது வேறு விஷயம்.) பக்கத்திலேயே அதே வருட மாடல், 58 ஆயிரம் மட்டும் ஓடியதாக மீட்டர், புது பெயிண்ட், பளபளவென்று ஒன்று நிற்கும். "ஒரே ஓனர், லோக்கல் ஓட்டம்தாண்ணே" என்பார் புரோக்கர். நாற்பதாயிரம் கூடக் கொடுத்து அதை ஓட்டிக்கொண்டு போவார்கள். அந்த நாற்பதாயிரம் பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாவின் நகையை அடகு வைத்து வந்ததாக இருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டாலே போதும். குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் 2005ல் வந்தது. கோயில் குளத்துக்குப் போக யாரும் அதை வாங்குவதில்லை, பிழைப்புக்காக வாங்குகிறார்கள். வண்டிக்கு வயது பத்து, வருடத்துக்கு 300 நாள் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை லட்சம் கி.மீ. என்பது ஒரு நாளைக்கு 83 கி.மீ. தான். விடியற்காலையில் மார்க்கெட் போய் காய்கறி ஏற்றி கடைகடையாக இறக்கிவிட்டு, மதியம் ஒரு சிமெண்ட் லோடு அடித்தால் அவ்வளவு ஆகிவிடும். 58 ஆயிரம் என்றால் நாளைக்கு 20 கி.மீ.கூட இல்லை. அந்த ஓட்டத்தில் டீசல் போட்டு, டிரைவருக்குச் சம்பளம் கொடுத்து, டியூ கட்டி, எந்த மகராசன் பத்து வருடம் வண்டி வைத்திருந்தான்? ஒன்று, வண்டி நின்றே கிடந்திருக்க வேண்டும், நின்று கெட்ட வண்டியின் செலவு தனிக்கதை. இல்லையென்றால் மீட்டர் நின்றிருக்க வேண்டும். கேபிள் மீட்டரைக் கழற்றிவிட ஐந்து நிமிடம் போதும். டிஜிட்டல் என்றால் லேப்டாப்போடு வந்து மாற்றித்தர ஆள் இருக்கிறது.

புரோக்கரை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. சின்ன நம்பருக்குப் பெரிய விலை கொடுக்க வரிசையில் நிற்கிறவர்தான் இந்தத் தொழிலுக்கு முதலாளி. "ரெண்டே முக்கால் லட்சம் ஓடியிருக்குங்க, போன வருஷம் இன்ஜின் வேலை பார்த்தேன், பில் இருக்கு" என்று உள்ளதைச் சொல்கிற ஓனரின் வண்டி மாதக்கணக்கில் வெயிலில் காய்கிறது. அடுத்த முறை அவரும் மீட்டர்காரரைத் தேடிப் போகாமல் என்ன செய்வார்?

இன்னொன்று. கிலோமீட்டர் தேய்ப்பது முக்கியமாக இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் போன்றவற்றை. அவையெல்லாம் மாற்றக்கூடியவை! முதலில் வந்த ஏஸின் இன்ஜின் 702 சி.சி., இரண்டே சிலிண்டர், 16 குதிரைத் திறன். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு ஹெட் வேலையும் பார்க்க சின்ன ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். மாற்ற முடியாதது துருப்பிடித்த சேஸிஸ். அதைக் காட்ட எந்த மீட்டரும் கிடையாது. மீன் லோடு அடித்த வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் தொட்டி வழியாகச் சொட்டிச் சொட்டி சேஸிஸை அரித்திருக்கும். அதன்மேல் பேட்ச் வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பார்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்தால் நேற்று ஷோரூமிலிருந்து வந்தது போல இருக்கும் :-)

அதனால் மீட்டரைப் பார்க்கும் நேரத்தில் தரையில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுக்கலாம். சட்டை அழுக்காகும், அவ்வளவுதான். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் கிங் பின் நிலைமை கைக்கே தெரியும். கமான் பட்டை நிமிர்ந்துபோயிருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், புரோக்கர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவது உத்தமம். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங் போய்விட்டது. அப்படி இருந்தால்கூட வாங்கலாம், அந்த வேலைக்கான பணத்தை விலையில் கழித்துவிட்டு!

கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் ஒன்றரை லட்சத்துக்கு வண்டி பார்ப்பதுதான் அடுத்த பைத்தியக்காரத்தனம். ஒரு லட்சத்துக்கு வாங்கி, மிச்சத்தை பிரேக், டயர், கிளட்ச், ரேடியேட்டர், ஒயரிங் என்று போடுகிறவர் மூன்று மாதம் கழித்தும் ரோட்டில் இருப்பார். மொத்தத்தையும் விலையாகக் கொடுத்தவர் முதல் பிரேக்டவுனிலேயே வட்டிக்கு வாங்கப் போவார். "இதுக்குப் புதுசே எடுத்துடலாமே" என்கிற புத்திசாலிகளும் உண்டு. லோடே கிடைக்காத மாதத்திலும் டியூ தேதி வரும் என்பதை ஃபைனான்ஸ்காரர் அவர்களுக்குச் சொல்லித் தருவார்.

கடைசியாகப் பேப்பர். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். 15 வருடம் தாண்டினால் எஃப்.சி. கட்டணமே 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு. பழைய கடன் இருந்தால் படிவம் 35ல் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்து வேண்டும், பெயர் மாற்ற 29, 30. விற்கிறவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். வண்டி கைமாறிய பிறகு விபத்து நடந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பேரு அப்புறம் மெதுவா மாத்திக்கலாம்ணே" என்று புரோக்கர் ஆரம்பித்தால், வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.