தாய்மொழியில் ஒரு சத்தம்



எங்கள் சௌல்தாரி ஜெபவீட்டில் பல ஆண்டுகளாக ஒரு மூதாட்டியார் கடைசி வரிசையில் அமர்ந்து வந்தார். ராஞ்சிப் பகுதியிலிருந்து அந்தமானுக்கு வேலைக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். செய்தி தமிழில் நடக்கும். இந்தியில் மொழிபெயர்ப்பு உண்டு. அவருடைய மௌனத்தை நாங்கள் பக்தி என்றே எண்ணியிருந்தோம். அவருடைய தாய்மொழி எது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவ்விடத்தில் ஜாய் ரிடர்ஹாஃப் அம்மையாரின் சரித்திரத்தை நினைவுகூருகிறேன். ஹோண்டுராஸ் நாட்டில் மிஷனெரியாக ஊழியஞ்செய்த இவர், மலேரியாவினால் பெலனற்று லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பினார். படுக்கையிலிருந்தபோது, அந்நாட்டு மதுக்கடைகளில் ஓயாமல் ஒலித்த இசைத்தட்டுகள் அவர் நினைவுக்கு வந்தன. தாம் போகக்கூடாத இடத்திற்கு ஓர் இசைத்தட்டு போகலாமே என்று எண்ணினார். 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பானிய மொழியில் முதல் பதிவு உருவாயிற்று. 1939இல் 'கோஸ்பல் ரெக்கார்டிங்ஸ்' என்னும் சிறிய ஊழியம் பிறந்தது.

வியாபார நிறுவனங்கள் விற்பனையுள்ள மொழிகளையே நாடின. இவர்களோ எழுத்தே இல்லாத மொழிகளைத் தேடிச் சென்றார்கள். இரு மொழியறிந்த ஒருவர் ஒவ்வொரு வாக்கியமாய்ச் சொல்லிக்கொடுக்க, அம்மொழிக்காரர் திருப்பிச் சொல்லுவார். பின்பு அவற்றை ஒன்றாய் இணைப்பார்கள். மின்சாரமில்லாத ஊர்களுக்கென்று, கையால் சுழற்றும் அட்டைப் பெட்டி இசைக்கருவியையும் வழங்கினார்கள். அம்மையார் 1984இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க் என்ற பெயரில் தொடரும் அவ்வூழியத்தின் பதிவுகள் இன்று 6,000க்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் உள்ளன.

எங்கள் மூதாட்டியாரின் மொழி குருக். நம் தமிழைப்போல அதுவும் திராவிடக் குடும்பத்து மொழியே. ஒருநாள் ஒரு வாலிபத் தம்பி தன் கைபேசியில் அம்மொழிப் பதிவொன்றை அவருக்குக் கேட்கச் செய்தான். அவர் கைபேசியை இரு கைகளாலும் வாங்கிக் காதோடு சேர்த்துக்கொண்டார். முடிந்ததும், "இன்னொருமுறை" என்றார். எங்களுக்கோ மிகுந்த வெட்கமாயிருந்தது.

பிரியமானவர்களே, பட்டணத்தில் உங்கள் சபையின் கடைசி வரிசையில் யார் இருக்கிறார்கள்? எதிரே எழும்பும் கட்டடத்தில் கல் சுமக்கிறவர் எந்த மொழியில் ஜெபிப்பார்? நாமும் ஊரைவிட்டு வந்தவர்கள். அந்நிய மொழியின் நடுவே தனித்திருப்பது எத்தகையது என்று அறிவோம். வருகிற ஓய்வுநாளில் ஒருவரிடமாவது, "உங்கள் தாய்மொழி என்ன?" என்று கேளுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.