பூச்சு கடைசி வேலை

காலை ஏழு மணிக்குக் காரைப் பின்னால் எடுத்தபோது தரையும் கூடவே வந்தது. மிகையாகச் சொல்லவில்லை. பின் சக்கரத்தில் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறத் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது கழன்ற இடத்தில் பழைய சிமெண்ட் தரை ஈரமாகப் பல்லைக் காட்டியது. சித்திரையில் பூசிய எபாக்ஸி, ஐப்பசியைத் தாண்டவில்லை.

இடம் சாந்திபுரம். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்திலிருந்து பலமநேர் போகும் வழியில் இருக்கும் ஊர். மூன்று மாநிலங்கள் தோள் உரசும் மூலை என்பதால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். அங்கே பள்ளி ஆசிரியராக இருக்கும் என் சித்தி மகன் வீட்டில்தான் இந்தக் காட்சி. "இதுக்கு மேலே இன்னொரு கோட் அடிச்சா நிக்குமாண்ணா?" என்று கேட்டான். ஒரு மாதச் சம்பளம் தரையில் கிடந்தது. கவலை அது மட்டுமல்ல. பத்து நாளுக்கு முன் மழைச் சாரலில் நனைந்திருந்த அதே பளபளப்பில் சித்தி வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு கோட் அடித்தால் நிற்காது. காரணம் பூச்சில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது.

எபாக்ஸி ஒன்றும் வேற்றுக்கிரகப் பொருள் அல்ல. உடைந்த பொருளை ஒட்ட நாம் வாங்கும் அரால்டைட்டும் அந்தக் குடும்பம்தான். பிசின் ஒன்று, அதை இறுக வைக்கும் திரவம் ஒன்று. இரண்டையும் கலந்தால் வேதிமாற்றம் நடந்து கெட்டியான படலம் உருவாகும். எண்ணெய், கிரீஸ் எதுவும் அதில் ஊறாது. தொழிற்சாலைகளிலும் மருந்துக் கம்பெனிகளிலும் அது வருஷக்கணக்கில் உழைக்கிறது. ஆனால் அங்கே தரை உலர்ந்திருக்கிறது, கூரை இருக்கிறது, பூசுவதற்கு முன் இயந்திரத்தால் தரையைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறார்கள்.

நம் வீட்டில்? மண்ணைக் கொட்டி, திமிசு போட்டு, அதன் மேல் ஜல்லி கான்கிரீட். நடுவில் ஒரு பாலிதீன் விரிப்புகூட இல்லை. மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். ஓதம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். வெறும் சிமெண்ட் தரையாக இருந்தால் அது ஆவியாகிப் போய்விடும். மேலே மூச்சு விடாத படலம் ஒன்றைப் போர்த்திவிட்டால் ஈரம் அதன் அடியில் சேர்ந்து, பூச்சைத் தூக்கிவிடும்.

மிச்சத்தை டயர் பார்த்துக்கொள்ளும். முந்தின நாள் மாலைதான் தம்பி திருப்பதி போய்த் திரும்பியிருந்தான். நெடுந்தூரம் ஓடிய டயர் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் பூச்சு இளகும். டயர் ஆறிச் சுருங்கும்போது பூச்சைப் பிடித்து இழுக்கும். பிடிப்பு சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஓதத்தில் ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நிற்கும் பூச்சு சக்கரத்தோடு கிளம்பிவிடும்.

இதைப் பூசுவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். செலவு இரண்டு ரூபாய். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளை வெட்டித் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு முழு ராத்திரி, குறைந்தது 16 மணி நேரம், அப்படியே கிடக்கட்டும். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ அந்தத் தரைக்கு எபாக்ஸி வேண்டாம். இதைக் கோடையில் செய்து ஏமாறாதீர்கள். தம்பி வீட்டில் பூசியவர் சித்திரை வெயிலில் தரையைத் தொட்டுப் பார்த்து 'காய்ந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலத்தில்தான் தரை உண்மை பேசும்.

இன்னொரு சோதனை: சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக்கொண்டால் பூச்சும் பிடிக்கும். உருண்டு நின்றால் எண்ணெயோ, மேஸ்திரி தேய்த்த வழுவழுப்போ தடுக்கிறது, தேய்த்து எடுக்காமல் எந்தப் பூச்சும் ஒட்டாது. புதுத் தரையென்றால் 28 நாள் பொறுப்பது வழக்கம்.

சரி, எதைத்தான் போடுவது? அதற்கு முன் ஒரு கேள்வி. அந்த இடத்தில் கார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? காலையில் இரண்டு நிமிஷம், மாலையில் இரண்டு நிமிஷம். மீதி நேரம்? சித்தி கோலம் போடுகிறார், வேர்க்கடலை காய வைக்கிறார், பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள், விசேஷம் என்றால் பந்தி. வெளிநாட்டு விளம்பரப் படத்தில் கதவை மூடிவிட்டால் காரும் கருவிகளும் மட்டும் இருக்கும் அறை அது. நம் கார் ஷெட்டோ வீட்டின் இன்னொரு திண்ணை. அதன் தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது டயர் அல்ல, ஈரக் கால்.

அந்தக் கணக்கில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெறும் சிமெண்ட் தரையை ஏழையின் தரை என்று ஒதுக்காதீர்கள். வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், எட்டுப் பத்து அடிக்கு ஒரு வெட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது முழுதாகப் பத்து நாள் (இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, வெயில் ஊர்களுக்கு அதற்குக் குறையக் கூடாது என்கிறது, கலப்புச் சிமெண்ட் என்றால் 14 நாள் நல்லது). இவ்வளவும் செய்த தரை நம்மை விட அதிகக் காலம் இருக்கும். சிமெண்ட் தரை தூசி தட்டுவதற்குக் காரணம் கலவையில் அதிகத் தண்ணீர், மேலே தூவிய வெறும் சிமெண்ட், மூன்றாம் நாளே மறந்துபோன தண்ணீர் கட்டு.

ஏற்கெனவே தூசி தட்டும் தரைக்கு சிலிகேட் கரைசல் ஒரு வழி. இது படலம் அல்ல. கான்கிரீட்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து உள்ளேயே கெட்டிப்படும். படலம் இல்லை என்பதால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. விரிசலை மூடாது, ஆசிட்டைத் தாங்காது. அவ்வளவுதான் குறை.

கடப்பைக் கல், தெலுங்கில் நாபராயி, மலிவு, குளிர்ச்சி. ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. பேட்டரி ஆசிட்டும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் பட்டால் அரித்துவிடும்.

பளபளக்கும் டைல்ஸ், பாலிஷ் கிரானைட் இரண்டையும் மழைச் சாரல் படும் இடத்தில் போடவே போடாதீர்கள். குப்பம் பக்கத்துக் கல்லுக்கு 'குப்பம் கிரீன்' என்று சந்தையில் தனிப் பெயரே உண்டு. கல் விளையும் ஊரில்கூட ஜனங்கள் கண்ணாடி போல் தேய்த்த கல்லைத்தான் வாசலில் பதிக்கிறார்கள். அதே கல்லைத் தீயால் சுட்ட முகத்தோடு வாங்கலாம். சூட்டில் மேற்பரப்பின் மணிகள் வெடித்து, கொத்திய அம்மி போலச் சொரசொரப்பாகும். அடியில் பொந்து விழாமல் முழுச் சாந்துப் படுக்கையில் பதித்தால் கார் ஏறினாலும் உடையாது.

எபாக்ஸிதான் வேண்டுமா? போடுங்கள். ஓதம் இல்லாத, மேலே மூடிய இடத்தில். வெயில் பட்டால் அது மஞ்சளாகி மாவு போல் உதிரும். வெயில் எட்டிப் பார்க்கும் இடத்துக்கு மேலே பாலியூரிதேன் பூச்சு வேண்டும். வழுக்காமலிருக்க மணல் தூவச் சொல்லுங்கள். கோடை மதியத்தில் பூச விடாதீர்கள், கலவை வாளியிலேயே இறுகிவிடும். பூச வரும் பையன்களுக்குக் கையுறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இறுக வைக்கும் திரவம் தோலைப் புண்ணாக்கும். தரையைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும், சாதாரணக் கைக்குட்டை அதைத் தடுக்காது. நம் தரை வழவழப்பாக வேண்டும் என்பதற்காக இன்னொருவர் இருமக் கூடாது.

தம்பி மறு கோட் அடிக்கவில்லை. தை பிறக்கும் வரை பொறுத்து மிச்சப் பூச்சையும் சுரண்டி எடுத்தான். மேல்மாடித் தண்ணீர் நேராகச் சுவர் ஓரம் விழுந்துகொண்டிருந்தது. அதைக் குழாய் போட்டுத் தெருக் கால்வாய்க்குத் திருப்பினான். சாரல் படும் முன் பகுதிக்குச் சுட்ட கிரானைட், வாட்டம் வெளிப்பக்கமாக. கூரைக்குக் கீழே பழைய சிமெண்ட் தரையைத் தேய்த்து சிலிகேட் மட்டும். எபாக்ஸிக்கு ஆனதை விடச் செலவு கூடுதல்தான். முதலிலேயே செய்திருந்தால் எபாக்ஸிச் செலவும் கட்டுப் போட்ட செலவும் மிச்சம்.

அடுத்த மழையில் போயிருந்தேன். சித்தி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வழவழப்பில் கோலப்பொடி நிற்காமல் காற்றில் ஓடியது அவருடைய பழைய குறை. அதை அப்போது யாரும் கேட்கவில்லை. தரையைப் பற்றிய முதல் புகார் அவருடையதுதான்; நாங்கள் டயரில் ஒட்டிய பிறகுதான் பார்த்தோம்.

ஆகவே கடைக்குப் போய் வண்ண அட்டையைப் புரட்டுவதற்கு முன் இந்த மழையில் ஒரு பாலிதீன் தாளை ஒட்டிப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு வீட்டில் மூத்தவரைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் தினமும் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். எந்தப் பூச்சு என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.